கடைசி போல்ட்டு தீர்ற வரைக்கும்

ஏனுங்க, அந்தப் பையை மட்டும் காலால தள்ளீராதீங்க. என்னடா இது இத்தனை கனமா இருக்குதுன்னு பாக்கறீங்களா? அரிசி பருப்பெல்லாம் இல்லீங்க, போல்ட்டு. ஆமாங்க, போல்ட்டுத்தான், கார் வீல்ல இருக்கறது. துணியில பொட்டலம் பொட்டலமாக் கட்டி வெச்சிருக்கறேன். ஒன்னோட ஒன்னு ஒரசுனா கோடு விழுந்துரும். அப்பறம் அந்தக் கோட்டை எடுக்கறதுக்குள்ள உசுரு போயிரும்.

நீங்க பொள்ளாச்சி வரைக்குமா? நான் கிணத்துக்கடவு தாண்டுனதும் எறங்கிருவேன். தூக்கம் வருதுங்களா? வரலைன்னாக் கேளுங்க. இதையெல்லாம் ஒரு பொம்பளைகிட்டச் சொன்னாத்தான் வெளங்கும்.

எங்க ஊட்டுக்காரரு பேரு குழந்தைவேலு. கணபதியில ஊட்டுக்கு முன்னாலயே தகரக் கொட்டாய் போட்டு, பழைய கார் வீலையெல்லாம் புதுசு பண்ணிக் குடுக்கறாரு. நெளிவு எடுப்பாரு, தேய்ப்பாரு, பெயிண்ட் அடிப்பாரு. வேலையில கொறை சொல்ல முடியாதுங்க. ஆனா பேச மாட்டாரு. நான் என்னத்தைச் சொன்னாலும் "ம்"னுவாரு. கொழம்புல உப்பு இல்லைன்னாலும் "ம்", எச்சாப் போனாலும் "ம்". கலியாணம் ஆன நாள்ல இருந்து அந்த "ம்"மோடதான் நான் குடித்தனம் பண்றேன்.

அந்த மனுசன் இந்தச் சித்திரையில ஒரு நாள் சத்தம் போட்டுச் சிரிச்சாருங்க. கொட்டாய்க்குள்ள இருந்து கேக்குது. எனக்கு நம்ப முடியலை. அடுப்புல பாலை அப்படியே உட்டுப்போட்டு வந்து எட்டிப் பாக்கறேன், அங்க ஒரு பொம்பளை.

பொம்பளைன்னா நம்மளாட்டம் இல்லீங்க. பேண்ட்டு சட்டை, கிராப்பு வெட்டுன தலை, கையெல்லாம் கிரீசு. இவரு பக்கத்துல தரையில குத்த வெச்சு உக்காந்து ஒரு வீலைக் காட்டி என்னமோ சொல்றா, இவரு சிரிக்கறாரு. பேரு மிருதுளா. மில்லுக்காரங்க ஊட்டுப் புள்ள. பந்தயத்துல கார் ஓட்டறாளாம். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சுங்க அன்னைக்கு.

அவ கொண்டாந்த வீலு ஒரு தினுசு. சாதாரணக் காரு வீலு ஒரே வார்ப்பு. இது துண்டு துண்டு. நடுவுல ஒரு தட்டு, சுத்தி ஒரு வளையம், அதை ரெண்டையும் சேத்து ஓரமாப் பொடிப் பொடிப் போல்ட்டா வரிசையா முறுக்கியிருப்பாங்க. கம்மல்ல சுத்திக் கல்லு பதிச்ச மாதிரி இருக்கும். நல்லா இருந்த காலத்துல வெள்ளி மாதிரி மின்னுமாம். இவ வாங்குனப்பத் துருவும் பிரேக்குப் பொடியும் ஏறிக் கன்னங்கரேல்னு கெடந்துச்சு.

"ஒன்னொன்னாக் கழட்டிச் சுத்தம் பண்ணித் திருப்பி மாட்டோணுங்கண்ணா. மெதுவாவே பண்ணுங்க. நான் சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை வந்து பாத்துக்கறேன்"னு சொல்லீட்டுப் போனா.

அண்ணான்னுதான் கூப்புட்டா. அண்ணான்னு கூப்புட்டா ஆச்சுங்களா?

அதுக்கப்பறம் இவரைப் பாக்கோணுமே! பொழுதோட உக்காந்தாருன்னா எந்திரிக்கறது இல்லை. நான் சோறு போடற வட்டல்ல மண்ணெண்ணெயை ஊத்தி, அதுல போல்ட்டை ஊறப் போட்டு, பழைய பல்லு பிரசுல ஒவ்வொன்னாத் தேய்க்கறாரு. தேய்ச்சு, தொடைச்சு, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாக்கறாரு. அந்தப் பார்வையில கால்வாசி என்ற மூஞ்சியைப் பாத்திருந்தாருன்னா நான் இன்னேரம் நாலு சுத்துப் பெருத்திருப்பேனுங்க.

ஒரு நாளைக்குத் தொவைக்க அவரு சட்டையை எடுக்கறேன். மேல் ஜோப்புல காயிதத்துல மடிச்சு ஒரு போல்ட்டு.

"மாமா, இது என்ன?"

"அளவுக்கு. கடையில காட்டோணும்."

அளவுக்குக் கொண்டு போறவரு நெஞ்சு மேலயா வெச்சுட்டுத் திரிவாரு? பேண்ட்டு ஜோப்பு இல்லை? நீங்களே சொல்லுங்க.

அப்பத்தான் யோசிச்சுப் பாத்தேன். இவ எதுக்கு வர்றா? வீலைப் பாக்க வர்றா. வீலு ஏன் முடியலை? போல்ட்டு தீரலை. அப்பக் கடைசி போல்ட்டு தீர்ற வரைக்கும் இவ வருவா. தீந்துருச்சுன்னா வீலைத் தூக்கி வண்டியில போட்டுட்டுப் போயிருவா. இவரு ஒவ்வொன்னையும் கொஞ்சீட்டு உக்காந்தா ஆடி வந்தாலும் முடியாது. நம்மளே முடிச்சு உட்டுருவோம்னு எறங்கீட்டேன்.

அவரு பெயிண்ட் வாங்கக் காந்திபுரம் போன நேரம் பாத்து, கக்கூசு கழுவற ஆசிட்டை ஒரு டப்பாவுல ஊத்தி, கையில அகப்பட்ட போல்ட்டையெல்லாம் உள்ள போட்டேன். புசுபுசுன்னு நொரை கட்டுச்சு. எடுத்தாச் சும்மா வெள்ளை வெளேர்னு இருக்குது! இவ்வளவுதானா வேலை, இதுக்கா இத்தனை நாளுன்னு நெனச்சேன்.

அவரு வந்து பாத்தாரு. மூஞ்சி கறுத்துப் போச்சு. "ஆரைக் கேட்டுத் தொட்டே?"ன்னு கத்துனாருங்க. என்ற மேல அவரு கத்துனது அதுதான் மொதல் தடவை. ஆசிட்டுப் பட்டா மேல பளபளன்னு இருக்குமாம், உள்ளுக்குள்ள வலு போயிருமாம். ஓட்டத்துல பட்டுன்னு தெறிச்சுருமாம். அத்தனையும் எடுத்துக் குப்பையில வீசிப்போட்டாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. போல்ட்டுக்காக இல்லை. கலியாணம் ஆகி இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை ஒசத்திப் பேசாதவரு, எவளோ ஒருத்தியோட போல்ட்டுக்காகக் கத்தறாரேன்னு.

சனிக்கெழமை அவ வந்தா. நான் கதவு சந்துல நிக்கறேன். இவரு தலையைக் குனிஞ்சுட்டுச் சொல்றாரு, "கொஞ்சம் போல்ட்டு என்ற கையில கெட்டுப் போச்சுங்க. ஆசிட்டுல போட்டுட்டேன். வேற வாங்கி மாட்டிக் குடுத்தர்றேன்"ங்கறாரு.

பாத்தீங்களா? நான் பண்ணுனதைத் தான் பண்ணுனதாச் சொல்றாரு. அவ முன்னால எப்படிக் கொழையறாரு பாருங்க! நான்தான் பண்ணுனேன்னு சொல்லியிருந்தா என்ன, நாக்கு அழுகியா போயிரும்?

அவ கோவிச்சுக்கலை. "உடுங்கண்ணா, அதே மாதிரி கெடைக்கும், நான் வரவழைச்சுக்கறேன்"னு சொல்லீட்டு என்ற பக்கமாத் திரும்புனா. என்ற விரலெல்லாம் வெந்து தோலு உரிஞ்சிருந்துச்சு. நான் முந்தானைக்குள்ள மறைச்சேன், அதுக்குள்ள பாத்துட்டா. விறுவிறுன்னு காருக்குப் போயி ஒரு மருந்தை எடுத்தாந்து, என்ற கையைப் புடிச்சுத் தன்ற மடியில வெச்சுப் பூசி உட்டா.

"அக்கா, இது ரொம்ப எரியுமேக்கா. ஆருகிட்டயும் சொல்லலையா நீங்க?"

எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. புருசனைப் புடிக்கறதுக்கு மொதல்ல பொண்டாட்டி கையைப் புடிக்கறா. சாமர்த்தியக்காரி.

அன்னைக்கே தரையில உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்தா. "ஆசிட்டு வேண்டாங்க்கா. மண்ணெண்ணெயில ஊற உடுங்க. பித்தளைப் பிரசு போட்டு அழுக்கை எடுங்க. தலையை மட்டும் வாட்டர் பேப்பர்ல தேய்ங்க, மொரட்டுப் பேப்பர் மொதல்ல, அப்பறம் மெல்லீசு. கடைசியாத் துணியில பாலிஷ். முறுக்கற மரை இருக்கற பக்கம் பிரசு மட்டுந்தான், அதுல பேப்பர் படவே கூடாது." நான் ம் கொட்டிக் கேட்டுக்கிட்டேன். எனக்கென்ன, சீக்கிரம் முடியோணும்.

கை ஆறுனதும் உக்காந்தேன். வெள்ளென வாசல் தெளிச்சுட்டு ஒரு வட்டலு, அவரு சாப்பிட்டுப் போனதும் ஒரு வட்டலு, மத்தியானம் கண்ணு அசரற நேரத்துல ஒரு வட்டலு. அந்த மெல்லீசுப் பேப்பர் போட்டுத் தேய்க்கையில ஒரு கட்டம் வருமுங்க. அது வரைக்கும் சாம்பலாட்டம் இருக்கற தலை திடீர்னு கண்ணு முழிக்கும். பாலிஷைப் போட்டுத் தொடைச்சா, பொட்டு அளவுல என்ற மூஞ்சி அதுல தெரியும். மூக்குத்தி தனியாத் தெரியும். ஒன்னு முடிஞ்சா இன்னொன்னைத் தொட்டுப் பாக்கலாம்னு இருக்கும். ஆசை ஒன்னும் இல்லீங்க. அவளைத் தொரத்தறதுக்குத்தான்.

ஆனா பாருங்க, சனிக்கெழமை வந்தா அவ இப்ப இவருகிட்ட நிக்கறது இல்லை. என்ற பக்கத்துல வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்குவா. பேக்கரியில தேங்கா பன்னு வாங்கீட்டு வருவா. எனக்குப் புடிக்கும்னு எப்பவோ ஒரு வார்த்தை சொன்னேன், புடிச்சுக்கிட்டா. அவளும் ஒரு போல்ட்டை எடுத்துத் தேய்ச்சுட்டே பேசுவா. கலியாணம் பண்ணிக் குடுத்தாங்களாம், அவன்கூட இருக்க முடியலையாம், வந்துட்டாளாம். அதைக் கேட்டதும் எந்திரிச்சுப் போயி இவரு எங்க நிக்கறாருன்னு பாத்துட்டு வந்தேன். ஒத்தையில இருக்கறவ!

"நீங்க என்னக்கா படிச்சீங்க? உங்களுக்கு என்ன புடிக்கும்? சின்ன வயசுல என்னவாகோணும்னு நெனச்சீங்க?"ன்னு துருவித் துருவிக் கேப்பா. என்னை ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லீங்க. பத்தாவதுல கணக்குல நான்தான் மொதலு, டெய்லரிங் கத்துக்கப் போகையில கலியாணத்தை முடிச்சுட்டாங்க, ரெண்டு தடவை வயித்துல நிக்காமப் போனது, எல்லாம் சொல்லீட்டேன். எங்கம்மாகிட்டக் கூட அத்தனை சொன்னதில்லை. சொல்லி முடிச்சப்பறந்தான் உறைச்சுது, வாயைப் புடுங்கறா. இவரைப் பத்தி வெவரம் தெரிஞ்சுக்கறதுக்குத்தான் இத்தனையும். ஆனா இவரைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்க. ஒரே ஒரு வார்த்தை! எத்தனை அழுத்தக்காரியா இருக்கோணும்?

ஆனி கடைசியில போல்ட்டு பூராத் தீந்துச்சு. இவரு வீலைச் சேத்து மாட்டி, கொட்டாய்ல வரிசையா நிறுத்துனாரு. அவ வந்தா. உக்காந்து ஒவ்வொரு போல்ட்டு மேலயும் விரலை வெச்சு நகத்தீட்டே சுத்தி வந்தா.

"பெயிண்ட்டும் வளையமும் நான் பண்ணுனது"ன்னாரு இவரு. "போல்ட்டு பூரா அவதான். எனக்கு அந்த அளவுக்குக் கை வராதுங்க."

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. பொண்டாட்டியை ஒசத்திப் பேசுனா நல்ல மனுசன்னு அவ நெனச்சுக்குவாள்ல? அதுக்குத்தான். எங்கிட்ட எப்பவாச்சும் சொல்லியிருக்காராங்க இதை?

சரி, வீலு போச்சு, சனியன் விட்டுச்சுன்னு மாகாளியம்மனுக்கு வெளக்குப் போட்டுட்டு வந்தேன். அடுத்த சனிக்கெழமை கார் சத்தம் கேக்குது. அவளேதான். கூட்டாளி ஒருத்தனோட வீலாம், போல்ட்டெல்லாம் அதே மாதிரி வேணுமாம். அக்கா கையிலதான் ஆகோணுமாம். நான் கெட்டதாப் பண்ணியிருந்தா வந்திருக்கவே மாட்டா. தொரத்தறதுக்குன்னு தேய்ச்சதே அவளைக் கூட்டியாந்து உட்டுருச்சு. என்ற கைக்கு என்ன சொல்றது?

பொறகு அந்த வீலோட அவ ஓட்டற பந்தயம் வந்துச்சு. ஊருக்கு வெளிய ஒரு மைதானத்துல. இந்த மாதிரித் துண்டு வீலைப் புதுசாச் சேத்து மாட்டுனா, கொஞ்சம் ஓட்டிப் பாத்துட்டு மறுபடி ஒவ்வொரு போல்ட்டும் முறுக்குச் சரியா இருக்குதான்னு பாக்கோணுமாம். "நான் போயிப் பாத்துட்டு வந்தர்றேன்"னு இவரு சட்டையை மாட்டறாரு. நல்ல சட்டை!

"நீங்க இருங்க மாமா. நான் போறேன்."

"உனக்கு டார்க் ரெஞ்சு புடிக்கத் தெரியுமா?"

"சொல்லிக் குடுங்க."

சொல்லிக் குடுத்தாருங்க. அது ஒரு நீளக் கைப்புடி வெச்ச சாவி. எத்தனை முறுக்கு வேணுமோ அதை மொதல்லயே வெச்சுட்டா, அந்த முறுக்கு வந்ததும் டக்குன்னு சொல்லும். டக்குன்னா நிறுத்தீரோணும். ஒன்னு முடிச்சா அதுக்கு எதுத்தாப்புல இருக்கறதுக்குப் போகோணும், பக்கத்துல இருக்கறதுக்குப் போகக் கூடாது. என்ற கை மேல கையை வெச்சு, "மெதுவா... மெதுவா... கேட்டுச்சா?"ங்கறாரு. அன்னைக்குப் பேசுன அளவுக்கு அவரு எங்கிட்டப் பேசுனதே இல்லைங்க. காப்பி ஆறிப் போற வரைக்கும் கையை எடுக்கலை. அவ ஜெயிக்கோணும்னு எத்தனை அக்கறை பாருங்க.

மைதானத்துல எல்லாம் ஆம்பளைங்க. சேலை கட்டீட்டு நான் ஒருத்தி. அவ காரை ஓட்டிப் பாத்துட்டுக் கொண்டாந்து நிறுத்துனா. நான் ஒவ்வொன்னா வெச்சு முறுக்கறேன். டக்கு, டக்கு, டக்கு. பின்னால வலப்பக்கத்து வீல்ல ஒன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது. முறுக்க முறுக்கப் போயிட்டே இருக்குது. மரை தேஞ்சு போயிருக்குது உள்ள.

அவ தலைக்கவசத்தை மாட்டீட்டு உள்ள உக்காந்திருக்கறா. கொடியைப் புடிச்சுட்டு ஒருத்தன் கூப்புடறான். "அக்கா, ஆச்சாக்கா?"ங்கறா.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன? ஒரு நொடி சும்மா நின்னேன். ஆச்சுன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேணும். அந்த ஒரு நொடியில அவ கண்ணாடியில என்னைப் பாத்துச் சிரிச்சா. எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்துச்சுன்னு தெரியலை. "எறங்கு அம்மிணி! எறங்குன்னா எறங்கு!"ன்னு கத்திக் கார் கதவைப் புடிச்சு இழுத்துட்டேன்.

பக்கத்துல இருந்த ஆம்பளைங்க கத்தறாங்க. முறை போயிரும், நேரம் போயிரும்ங்கறாங்க. அவ ஒன்னுங் கேக்காம எறங்கி வந்தா. ஒரு மெக்கானிக் அந்தப் போல்ட்டை வெளிய எடுத்துப் பாத்துட்டு, "ஒன்னு போச்சுன்னாப் பக்கத்துல இருக்கறதும் தாங்காது. வளைவுல போயிருந்தா..."ன்னு சொல்லிப் பாதியில நிறுத்தீட்டான். அப்பறம் கேட்டான், "ஆரு மாட்டுனது இதை?"

மாட்டுனது எங்க ஊட்டுக்காரரு. போல்ட்டுச் சுத்தம் பண்றதுதான் நானு, ஊட்டுல மாட்டி முறுக்கறது எப்பவும் அவருதான்.

"நான்தான் மாட்டுனேன்"னு சொல்லீட்டேன்.

வேற என்னங்க சொல்றது? அவ முன்னால அவரு கொறைஞ்சு போறதை நான் பாத்துட்டு நிக்கவா?

அவளுக்கு அன்னைக்கு முறை போயிருச்சு. ஓட்டவே முடியலை. கோபமாத் திட்டுவான்னு நின்னேன். கிட்ட வந்து என்னைக் கட்டிப் புடிச்சா. என்ற தோளெல்லாம் வேர்வையும் பெட்ரோல் நாத்தமும். நானும் முதுகுல தட்டிக் குடுத்தேன். ஆராயிருந்தாலும் தட்டிக் குடுப்பாங்கதானே?

ஊட்டுக்கு வந்து சொன்னேன். இவரு அப்படியே உக்காந்துட்டாரு. "நான் மாட்டுனது அது"ன்னாரு. "ம்"னேன். "நீ மாட்டுனதாவா சொன்னே?"ன்னாரு. அதுக்கும் "ம்"னேன். சாப்பிட்ட வட்டலை அவரே கழுவி வெச்சாரு அன்னைக்கு.

ஆவணியில அவ, கிணத்துக்கடவு தாண்டி அவங்கப்பாவோட பழைய கொடோன்ல ஒரு பட்டறை போட்டுட்டா. பந்தயக் கார்க்காரங்க வீலெல்லாம் அங்க வருது. சனிக்கெழமை மட்டும் வந்து பாத்துக் குடுங்கக்கான்னா. ஊட்டுல தேய்க்கறதைத் தேய்ச்சு எடுத்துட்டு நான் பஸ் ஏறீர்றேன்.

இவருக்குப் புடிக்கலை. "எதுக்கு அத்தனை தூரம் நீ சொமந்துட்டுப் போறே? அந்தப் புள்ளையே வந்து வாங்கீட்டுப் போகட்டும்"ங்கறாரு. குட்டு வெளிய வந்துருச்சு பாத்தீங்களா! அவ ஊட்டுக்கு வரோணுமாம்! அதான் நானே போறேன். அவ எங்க ஊட்டுப் படி மிதிக்கப்படாது, இவரு அங்க போகப்படாது. நடுவுல நான் நிக்கோணும்.

முந்தியெல்லாம் "ம்"முன்னு இருந்தவரு, இப்பச் சனிக்கெழமை ஆனாப் பேச்சா பேசறாரு. "இன்னைக்கும் போகோணுமா? அப்படி என்ன பேச்சு உங்களுக்குள்ள? திரும்பி வந்தும் அவ அப்படிச் சொன்னா, இப்படிச் சொன்னான்னு அவ பேச்சாவே இருக்குது. எங்கூட ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போனா என்ன?"ன்னு இன்னைக்கு வாசல்ல வந்து நின்னுட்டாரு. மூஞ்சி சின்னப் புள்ளையாட்டம் தொங்கிப் போச்சு. அவளைப் பாக்க முடியலைங்கற எரிச்சல், வேறென்ன? ஆம்பளை மனசு நமக்குத் தெரியாதுங்களா?

போன வாரம் அங்க மழை புடிச்சுக்கிட்டு, அவ கையால ரசஞ்சோறு ஆக்கிப் போட்டா. உப்பே இல்லை. நான் ஒன்னுஞ் சொல்லாமத் தின்னேன். காருக்குள்ள உக்கார வெச்சு ஸ்டேரிங்கைப் புடிக்கச் சொன்னா, அதையும் புடிச்சேன். பட்டறையைச் சுத்தி ஓட்டியும் பாத்தேன். சும்மா இல்லீங்க. அவளோட நெருக்கமாப் பழகுனாத்தானே அவ மனசுல என்ன இருக்குதுன்னு கண்டுபுடிக்க முடியும்? இன்னும் கண்டுபுடிக்கலை. இன்னும் கொஞ்ச நாளு போகோணும்.

கிணத்துக்கடவு தாண்டீருச்சுங்களா? அதா, அந்தப் புளியமரத்துக்கு அக்கட்டால, செவப்புச் சட்டை போட்டு நிக்கறா பாருங்க, அவதான். எப்பவும் பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிப்பா. ஜன்னல் ஜன்னலாத் தேடறா பாத்தீங்களா? எங்க ஊட்டுக்காரரைத்தான் தேடறா. இந்தா, என்னைப் பாத்துட்டா. கையாட்டறா. ஏமாந்து போனதைக் காட்டிக்காம எப்படிச் சிரிக்கறா பாருங்க, பல்லு பூராத் தெரிய.

ஆரு அது அவ பக்கத்துல?

அதாங்க, தொப்பி போட்டுட்டு, பேண்ட்டு சட்டையில ஒருத்தி. போன வாரம் இல்லையே. அந்தத் தொப்பிக்காரி தோள்ல எதுக்கு மிருதுளா கையைப் போட்டுட்டு நிக்கறா? தொப்பிக்காரி கையில என்ன அது... பேக்கரிப் பொட்டலம்! ரெண்டு பேரும் அதுல இருந்து எடுத்துத் தின்னுட்டு நிக்கறாங்க!

எனக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்க. போன வாரம் பூராப் பேசுனா, புதுசா ஒருத்தி வர்றாள்னு ஒரு வார்த்தை சொல்லலை. நான் இங்க கை தேயத் தேய்ச்சுட்டு, மூட்டையைச் சொமந்துட்டு, கட்டுன புருசன் வாசல்ல நின்னு போகாதேன்னு சொல்லச் சொல்ல வர்றேன், அவ அங்க...

கண்டக்டரே, நிறுத்துங்க! எறங்கோணும். ஏனுங்க, கொஞ்சம் காலை ஒதுக்குங்க, சீக்கிரம்.